மூஞ்சி கழுவிய வண்டி

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, புறவழிச்சாலை சர்வீஸ் சென்டரில் நின்ற ஒரு வெள்ளை மின்சாரக் காரின் திரை, முழு சார்ஜில் 268 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. பத்தடி தள்ளி, வரவேற்பறைச் சுவரில் அதே காரின் விளம்பரம் 410 என்றது.

வண்டிக்காரர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். விரல் நுனிகளில் பழைய கீறல்கள். பணிமனையில் எல்லோரும் வோல்ட்டு என்று கூப்பிடும் டெக்னீஷியன் பெண்ணிடம் அவர் நேராக வந்தார்.

"வாங்கி நாலு மாசம்தாம்மா ஆகுது. நானூத்திப் பத்துன்னு சொல்லித்தான் தலையில கட்டினாங்க. இப்போ இப்படிக் காட்டுது. பேட்டரி புட்டுக்கிச்சா?"

"பாக்குறேண்ணே. இப்ப என்ன அவசரம்?"

"வியாழக்கிழமை வீட்டுக்காரிக்கு ரேடியேஷன் ஆரம்பிக்குது. ஆஸ்பத்திரி நூத்தி நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். வழியில ஒரு சார்ஜர் இருக்கு, அது கெட்டுப்போயி கோணிய மாட்டி ஆறு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்ல. போயிட்டு அப்படியே திரும்பியாகணும்."

வோல்ட்டு மடிக்கணினியை வண்டியில் செருகினாள். பேட்டரி கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. நாற்பத்தெட்டு யூனிட் முழுசாகக் கொள்கிறது. மனிதர் நெடுஞ்சாலையில் நூற்றுப்பத்தில் போகிறார், ஏசி போடுகிறார், பின்சீட்டில் கருவிப்பெட்டி. நூறு கிலோமீட்டருக்குப் பதினேழு புள்ளி ஒன்பது யூனிட் செலவு. வகுத்துப் பார்த்தால் அதே 268. வண்டி நான்கு மாதமாக அவரைக் கவனித்து, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டடத்திலேயே பொய் சொல்லாத ஜீவன் அது ஒன்றுதான்.

சூப்பர்வைசர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ரேஞ்ச் கம்ப்ளெய்ன்ட்டா? மூஞ்சி கழுவி அனுப்பு."

மூஞ்சி கழுவுவது என்றால், வண்டி கற்றுவைத்த செலவுக் கணக்கை அழித்துவிடுவது. அழித்ததும் அதற்கு ஓட்டுகிறவர் யார் என்றே மறந்துபோகும். தொழிற்சாலையில் புகட்டிய எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஒரு வாரம், பத்து நாள் போனால் எண் மறுபடி இறங்கும். அதற்குள் வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பார். இந்த மாதம் மட்டும் வோல்ட்டு பதினோரு வண்டிக்கு மூஞ்சி கழுவியிருந்தாள்.

பன்னிரண்டாவதையும் கழுவினாள். திரை அணைந்து எரிந்தது. 410.

"அட!" கண்ணாடிக்காரர் கைதட்டிவிட்டார். "கை வச்சதும் குணமாயிடுச்சே! உனக்குக் கைராசிதாம்மா. போயிட்டு வந்தாலும் நூத்தி இருவது மிச்சம் நிக்குமே!"

உடனே மனைவிக்கு போன் போட்டார். "சரியாயிடுச்சு, கவலைப்படாத. நீ பின்னாடி காலை நீட்டிப் படுத்துக்கிட்டே வரலாம்."

சூப்பர்வைசர், வாடிக்கையாளர் நட்சத்திரம் போட்டுக் கையெழுத்திடும் தாளை நீட்டினார். தாளின் ஓரத்தில் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. வோல்ட்டு அதையே பார்த்தாள். அந்தத் துகள், சுவரில் மலை உச்சியில் நின்று பளபளக்கும் கார், 'சார் சார்' என்று குழையும் ஏசிக் காற்று, எல்லாவற்றிலும் ஊசிப்போன ஒன்றின் வாடை. எல்லாவற்றையும்விடத் தன் விரல் நாறுவதாகப் பட்டது. அழிக்கும் பொத்தானை அழுத்தியது அதுதானே.

"கையெழுத்துப் போடாதீங்கண்ணே. இந்த நம்பர் பொய்."

"வோல்ட்டு!" என்றார் சூப்பர்வைசர்.

"இருங்க சார். அண்ணே, நானூத்திப் பத்துங்கிறது ஒரு அறைக்குள்ள வண்டிய உருளை மேல ஏத்தி ஓட்டி எடுத்த கணக்கு. அங்க காத்து இல்ல, மேடு இல்ல, ஏசி இல்ல. வேகமும் ஒங்க வேகம் இல்ல. இது வண்டியோட வாய்ச்சவடால். வயித்த பாக்கணும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் திங்குதுன்னு, நான் அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது இந்த லேப்டாப்புல இருக்கு, அத மட்டும் பாருங்க. ஒங்க ஓட்டத்துக்குப் போயிட்டு வர அம்பத்திரெண்டு யூனிட் வேணும். இருக்கறது நாப்பத்தெட்டு."

கண்ணாடிக்காரர் முகம் சுண்டியது. கோபம் முதலில் அவள் மேல்தான் பாய்ந்தது.

"அப்போ நல்லாத்தானே இருந்துச்சு வண்டி? எதுக்கும்மா கை வச்ச?"

அவள் மடிக்கணினியின் வயரை வண்டியிலிருந்து பிடுங்கினாள்.

"உங்களப் பயமுறுத்துறா சார் இவ," என்றார் சூப்பர்வைசர். "நானூத்திப் பத்து கம்பெனி சோதிச்சு எடுத்த நம்பர். சட்டப்படி சரி."

கண்ணாடிக்காரர் அவர் பக்கம் திரும்பினார். "நாங்க ஒரு ஷீட்டு வெட்டினா, ஓரம் இவ்வளவு சிதறும்னு மொதல்லயே சொல்லிட்டுத்தான் அளவு குடுப்போம். நீங்க சிதறுறதையும் சேத்து வித்துருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"தாளு, சார்," என்றார் சூப்பர்வைசர், சிரிப்பு மாறாமல். அந்தச் சிரிப்பைத் துணி கொண்டு துடைத்தால்கூடப் போகாது என்று வோல்ட்டுக்குத் தோன்றியது.

அவள் பேனாவை எடுத்துப் பழைய ரசீதின் பின்பக்கம் எழுதினாள்: எண்பதைத் தாண்டாதீர்கள், கருவிப்பெட்டியை இறக்குங்கள். அப்படிப் போனால் நூறுக்குப் பதினைந்தரை யூனிட்டில் முடியும்; மூன்று யூனிட் மிஞ்சும்.

"எதிர்காத்து அடிச்சா?"

"அடிச்சா மிஞ்சாதுண்ணே."

அவர் ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நட்சத்திரத் தாளைக் கசக்கி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை திரும்பும் வழியில் மழையும் எதிர்க்காற்றும் இருந்தன. கடைசி நாற்பது கிலோமீட்டர் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி ஓட்டினார். மனைவி பின்சீட்டில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் பையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வீட்டு வாசலில் நின்றபோது பேட்டரியில் ஒரு சதவீதம் இருந்தது. மறுநாளிலிருந்து இருவரும் சிகிச்சைக்குக் காலை ஐந்து நாற்பது பேருந்தில் போனார்கள்.

வோல்ட்டை அந்த வாரமே உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்தப் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று பதிவேட்டில் ஏறியது.