வாளின் முனை

காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் பீரங்கி ஒரே ஒரு முறை முழங்கியது. கடற்படை ஊரான டெவன்போர்ட்டில் அதன் பொருள் பால்காரனுக்கும் தெரியும்: இன்று யாரோ ஓர் அதிகாரியின் மேல் கடற்படை விசாரணை.

"நம்ம ஐயாவுக்குத்தானேம்மா?" என்றாள் வேலைக்காரி எல்லன். ஹெஸ்டர் தலையசைத்தாள்.

அவள் கணவர் ஹம்ஃப்ரி ஆன்ஸ்டிஸ் 'வெல்மோர்' நாசகாரிக் கப்பலின் கேப்டன். ஆறு வாரத்துக்கு முன் மூடுபனியில் அதைக் கார்ன்வால் கரையோரப் பாறையில் ஏற்றிவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. கப்பலின் அடிவயிறு கிழிந்திருந்தது.

அந்த ஆறு வாரமும் அவர் வீட்டில் இருந்தார். மத்தியதரைக் கடலில் அவர் இருந்த இரண்டரை வருடத்தில் ஹெஸ்டர் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கப் பழகியிருந்தாள். பசித்தபோது சாப்பிட்டாள். நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். அது தனிமை என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு காலையும் அவர் அலமாரித் தட்டுகளில் விரலை ஓட்டித் தூசி பார்த்தார். மாடிப்படியில் அவர் காலடி கேட்டால் அவளும் எல்லனும் பேச்சை நிறுத்தினார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தால் கப்பல் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் அவள் மண்டியிட்டது அதற்காகத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மதியம் நெஸ்டா கார்லியன் துணைக்கு வந்தாள். ஹம்ஃப்ரிக்கு முன்பு 'வெல்மோர்' அவள் கணவர் கையில் இருந்தது.

"முதல் கேப்டன் பால்டிக் கடல்ல சண்டை போட்டுப் பதக்கம் வாங்கினார். எங்க வீட்டுக்காரர் மூணு வருஷம் சீனாவரைக்கும் ஓட்டினார், பெயின்ட்ல ஒரு கீறல் இல்ல. உங்க வீட்டுக்காரர்..." நெஸ்டா கேக்கை ஒரு கடி கடித்துக்கொண்டாள். "சரி விடு. வாள் எப்படிக் கிடக்குதுன்னு பாப்போம்."

விசாரணை முடிந்து திரும்ப உள்ளே கூப்பிடும்போது, அதிகாரியின் சொந்த வாள் மேசைமேல் கிடக்கும். முனை அவர் பக்கம் நீட்டியிருந்தால் குற்றவாளி. வாய் திறந்து யாரும் சொல்லத் தேவையில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியுமாடி?" நெஸ்டா குரலைத் தாழ்த்தினாள். "கப்பல்ல பாதை பாக்குற பையன் எங்ககிட்ட சொன்னான். பனியில வேகத்தைக் குறைங்கன்னு அவன் கெஞ்சினானாம். உங்க வீட்டுக்காரர் கேக்கல. உன் பிறந்தநாளுக்குள்ள வீடு சேரணும்னு ஒரே பிடிவாதமாம். விசாரணையில இதைச் சொல்லவே மாட்டார், பாரேன். குடுத்துவச்சவ நீ."

ஹெஸ்டருக்குக் கையில் இருந்த கோப்பை கனத்தது. அந்தப் பிறந்தநாளுக்கு முந்தின இரவு பனியைப் பார்த்து, 'நாளைக்கு வரமாட்டார்' என்று நிம்மதியாகத் தூங்கிப்போனது நினைவுக்கு வந்தது. கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெஸ்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாத. எல்லாம் நல்லபடியா முடியும்."

சாயங்காலம் வாசற்கதவு திறந்தது. முழுச் சீருடையில் ஹம்ஃப்ரி நின்றார்.

"முனை என் பக்கம்," என்றார். "கப்பலை என்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. இனி வேற எதுவும் தரமாட்டாங்க."

நெஸ்டா முணுமுணுத்து ஏதோ சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இருவரும் தனியாக நின்றார்கள்.

"எனக்காகவா அவ்வளவு வேகமா வந்தீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "இனிமே நீ தனியா இருக்க வேண்டியதில்ல, ஹெஸ்டர்," என்றார், கிட்டத்தட்டச் சிரித்தபடி.

பிறகு கணப்புக்கு மேலிருந்த கடிகாரத்தைத் திறந்து, சாவியை எடுத்துத் திருகத் தொடங்கினார். காலையில்தான் ஹெஸ்டர் அதற்குச் சாவி கொடுத்திருந்தாள். சாவி அரைச் சுற்றில் நின்றுவிட்டது. இன்னும் இடமிருக்கும் என்பதுபோல் அவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.