கோடு வரைக்கும் ஆயில்

எங்கள் முகாமில் யாராவது வண்டிக்கு அடியில் தலையை விட்டால் போதும், ஐந்து நிமிடத்தில் நான்கு மடக்கு நாற்காலிகள் வந்து சேரும். நாற்காலிக்கு ஒரு கிழவன், கிழவனுக்கு ஒரு காபிக் குவளை, குவளைக்கு நாலு யோசனை. அரிசோனாப் பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்க வந்தவர்களுக்கு வேறென்ன வேலை? அந்த வியாழக்கிழமை காலை அகப்பட்டது என் வண்டி.

வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே குடியிருப்பவள் நான். சோபாவும் அடுப்பும் உள்ள பக்கம், நிறுத்தியதும் மேஜை இழுப்பறை மாதிரி வெளியே நீளும். ஸ்லைடு என்போம். அதைத் தள்ளுவதும் இழுப்பதும் ஹைட்ராலிக் ஆயில். ஸ்லைடு உள்ளே போகாமல் வண்டியை ஓட்ட முடியாது. திங்கட்கிழமை அதன் ஹோஸில் ஓட்டை விழுந்து, வண்டிக்கு அடியில் சிவப்பாக ஆயில் குளம் கட்டி நின்றது. மெக்கானிக் ஒன்பது நாள் கழித்து வருகிறானாம். எனக்கோ வாடகைக் கெடு முடிந்து வியாழன் காலை பதினோரு மணிக்குள் இடத்தைக் காலி செய்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மகன் கர்ட்டிஸ் ஒமாஹாவிலிருந்து வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, வாடகைக் கார், வண்டியை வாங்க ஒரு ஆளையும் பேசி வைத்திருந்தான். அவன் அப்பா டெல்பர்ட் போய் இரண்டு வருஷம். அன்றிலிருந்து இவனுக்கு ஒரே பாட்டு.

"அப்பா இருந்தாரு, பாத்துக்கிட்டாரு. எழுபத்தோரு வயசுல தனியா இதெல்லாம் தேவையாம்மா? எங்க வீட்ல கீழ ரூம் சும்மாதானே கிடக்கு."

"வாஷிங் மெஷின் பக்கத்துலதானே? தெரியும்டா."

"சரி, இப்படி வச்சுக்குவோம். வியாழக்கிழமை பதினோரு மணிக்குள்ள நீயே ரிப்பேர் பண்ணி ஸ்லைடை உள்ள இழுத்துட்டா, இனிமே விக்கிற பேச்சே எடுக்க மாட்டேன். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு என்கூட வந்துடணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது, அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள் பாய்ந்துவிடும் என்று டெல்பர்ட் தலைபாடாக அடித்துக்கொள்வார். அதனால் ஓட்டையைக் கண்டுபிடிக்க அட்டைத் துண்டைத்தான் நீட்டினேன். இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உரசி உரசி ஹோஸ் தேய்ந்திருந்தது. புதன்கிழமை அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரரின் காரில் ஊருக்குள் டிராக்டர் சாமான் விற்கிற கடைக்குப் போய், அதே நீளத்தில் புதிது செய்து வாங்கி வந்தேன். வியாழன் காலை மாட்டும்போதுதான் நாற்காலிகள் வந்தன.

"ஏ வெர்னா, இன்னும் கால் சுத்து முறுக்கு," என்றார் மெர்ல். எண்பது வயது, ஊமத்தங்காய் மாதிரிக் கசப்பு.

"முறுக்காத, மரை போயிடும்," என்றார் பக்கத்தில் இருந்த ஆர்வில்.

"உரசுற எடத்துல பழைய டியூபைச் சுத்தி வையி."

"சுத்தியாச்சு மெர்ல். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க."

பத்தரை மணிக்கு ஹோஸ் மாட்டி முடித்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. இனி தொட்டியில் ஆயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா என் பிள்ளை?

"நான் ஊத்தறேன். நீ கீழ சிந்திடுவேம்மா."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவன் கேனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அரைத் தொட்டி போதும்டா. ஸ்லைடு வெளியே இருக்கு, அதுக்குள்ள இருக்கிற..."

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு. போன்ல பாத்துட்டேன். மேல் கோடு வரைக்கும் ஊத்தணுமாம்."

மேல் கோடு வரைதான். ஸ்லைடு எல்லாம் உள்ளே இருக்கும்போது. அதற்கு அடுத்த வரியை இவன் படிக்கவில்லை. வெளியே நீண்டிருக்கும்போது பாதி ஆயில் ஸ்லைடைத் தள்ளுகிற சிலிண்டருக்குள் நிற்கும், இழுத்தால் அத்தனையும் தொட்டிக்கே திரும்பி வரும்.

கோடு வரைக்கும் ஊற்றியவன், கணக்காக இருக்கட்டும் என்று அதற்கு மேலும் ஒரு விரல் ஊற்றினான். பிறகு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயில் ஓடுகிறதா என்று பார்க்கக் குனிந்து முகத்தைத் தொட்டியின் வாயருகே கொண்டு போனான்.

"சுவிட்சைப் போடும்மா."

 திரும்பிப் பார்த்தேன். மெர்ல் எழுந்து, நாற்காலியை மூன்று அடி பின்னால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். ஆர்வில் காபிக் குவளையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

நான் பெற்ற தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சும்மா இரு என்றுதானே சொன்னான்?

சுவிட்சைப் போட்டேன்.

ஸ்லைடு முனகிக்கொண்டு நகர்ந்தது. பாதி தூரம் வந்ததும் தொட்டி ஒரு ஏப்பம் விட்டது. பிறகு காற்றும் ஆயிலுமாகப் பொங்கிச் சீறியது. கர்ட்டிஸ் நிமிர்வதற்குள் நெற்றி, மூக்கு, வெள்ளைச் சட்டை, பெல்ட் எல்லாம் சிவப்பு. நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஸ்லைடு முழுக்க உள்ளே வந்து டொக்கென்று உட்கார்ந்தபோது மணி பத்து நாற்பத்தெட்டு.

"கோடு வரைக்கும் இருக்கா தம்பி?" என்று மெர்ல் கேட்டார்.

தரையில் சிந்தியதன் மேல் பூனைக் கழிவுக்குப் போடும், ஈரம் உறிஞ்சும் மணலைக் கொட்டி அள்ளினேன். கர்ட்டிஸை எதால் துடைத்தாலும் போகவில்லை. அந்தக் கோலத்தில் வாடகைக் காரில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். டெல்பர்ட்டின் பழைய வேலைச்சட்டையும் கால்சட்டையும் கொடுத்தேன். அவர் குள்ளம், இவன் பனைமரம். கால்சட்டை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. காரை முகாம் அலுவலக வாசலில் விட்டுவிட்டு, துணி துவைக்கும் கடைவரைக்கும் என் வண்டியிலேயே வந்தான். டெல்பர்ட் போனபின் அந்தப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை.

முகாம் வாசலை நெருங்கும்போது அவன் போனை எடுத்து, வண்டியை வாங்கவிருந்த ஆளிடம், "இல்ல சார், வண்டி விக்கறதா இல்ல. அம்மா ஓட்டிட்டு இருக்காங்க," என்றான். வெட்கமாகத்தான் சொன்னான், ஆனால் சொன்னான்.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் நிறுத்தினேன். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற இவ்வளவு பெரிய வண்டியில் வலது பக்கம் எனக்குச் சரியாகத் தெரியாது. கர்ட்டிஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"வலது பக்கம் காலிம்மா. போ."

டெல்பர்ட் சொல்லும் வார்த்தை அது; இரண்டு வருஷமாக அதை நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.