டாவிடாவின் தெற்கு விளிம்பு

செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டிய வீரமுத்து, புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் மாரடைத்து விழுந்து இறந்தார். மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்திருந்த வெட்டவெளி அது. தொலைநோக்கி வைக்க இடம் பார்க்கப் போயிருந்தார். மறுநாள் காலையில்தான் ஆட்கள் கண்டார்கள்.

பதினெட்டாம் நாள் மாலை, ராசா ஊர்ப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் புனிதா அவர் வீட்டுக்கு வந்தாள். இருவரும் ஒரே வானியல் குழு. அன்று எட்டரை மணிக்கு டாவிடா என்ற சிறுகோள் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் முந்நூறு கிலோமீட்டர் பாறை. நட்சத்திரம் எத்தனை வினாடி மறைகிறதென்று ஐந்து இடங்களிலிருந்து அளந்தால் அதன் உருவம் தெரியும். தெற்குக் கடைசி இடம் வீரமுத்துவுடையது.

"அக்கா, அண்ணனோட டெலஸ்கோப்பும் வேணும். அவரு இடத்துல நான் நிக்கிறேன்."

"எடுத்துக்கோ. நானும் வரேன்லா," என்றாள் அவர் மனைவி ராக்கம்மா. "அவரு விழுந்த இடத்த நான் இன்னும் பாக்கல."

வெட்டவெளியில் அழுகிய மரங்களின் வாடை அடித்தது. புனிதா தன் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தினாள். வீரமுத்துவுடையதில் ராக்கம்மாவே உட்கார்ந்தாள்.

"நட்சத்திரம் அணைஞ்சா 'போச்சு'ன்னு சொல்லுங்க. போன் பதிவு பண்ணிக்கும்."

எட்டரை ஆனது. எட்டு நாற்பதும் ஆனது. ராக்கம்மா கண்ணை எடுக்கவில்லை. நட்சத்திரம் ஒருமுறைகூட அணையவில்லை.

"ஒன்னும் ஆகலையே, டீச்சர்."

"நிழல் இந்தப் பக்கம் வரலக்கா. அதுவும் தகவல்தான். பாறை இதுக்கு முன்னாலயே முடிஞ்சிருது."

"இதுக்கா அவரு இங்க வந்து செத்தாரு?"

புனிதா கேமராவைக் கழற்றினாள்.

"எங்க விழுந்தாரு? காட்டு."

புனிதாவுக்கு அது தெரியாது. டார்ச் அடித்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி அடிக்கட்டைகள்.

இரண்டு வாரம் கழித்து புனிதா டாவிடாவின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கோணலான ஒரு முட்டை வடிவத்தை மற்ற நான்கு இடங்களின் கோடுகள் வெட்டிச் சென்றன. அவர்கள் நின்ற இடத்தின் ஐந்தாவது கோடு அதைத் தொடாமல் கீழே போனது.

"இந்தக் கோடு இல்லன்னா கல்லு இன்னும் பெருசுன்னு நெனச்சிருப்போம்க்கா."

கோட்டருகே எழுதியிருந்ததை ராக்கம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். பார்த்தவர்கள்: புனிதா, ராக்கம்மா.

"அவரு பேரு எங்க?"

"பாத்தவங்க பேரு மட்டும்தான் போடுவாங்களாம். கேட்டுப் பாத்தேன்க்கா."

"அப்ப எம்பேரையும் எடுத்துரு." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ராக்கம்மா உள்ளே போனாள்.

புனிதா அந்தப் பெயரை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று அவளிடம் சொல்லவும் இல்லை.