நாற்பது மறுப்பு

நாடு தாண்டிப் போகும் எங்கள் வாடிக்கையாளரின் போன் யாருடைய டவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் பிழைப்பு. பக்கத்து நாட்டில் எங்களுக்கு இரண்டு கம்பெனிகளோடு ஒப்பந்தம். ஒன்று மலிவு, மற்றது கொள்ளை விலை. போன் கொள்ளை விலைக்காரனிடம் போனால் நான்கு முறை மறுப்போம். அதற்குள் மலிவானது கிடைக்காவிட்டால், போனால் போகிறதென்று ஐந்தாவது முறை விட்டுவிடுவோம்.

அன்று காலை மேனேஜர் வந்து, "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பா" என்றார். நான்கை ஆறாக்கியிருந்தால் போதும். எனக்குத்தான் நல்ல பெயர் வாங்கும் அரிப்பு ஆயிற்றே, நாற்பதாக்கினேன். மலைப்பாதையில் மலிவானவனுக்கு டவரே கிடையாது என்பது தெரியும். எவன் கேட்கப்போகிறான் என்று இருந்துவிட்டேன்.

மதியம் தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். ஓடினேன். அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தொண்டையில் குழாய் போட்டுவிட்டால் பேச முடியாது, பேசுவதை இப்போதே பேசிவிடுங்கள் என்றார் டாக்டர்.

"பெரியவனக் கூப்பிடுடா. ஒரு வார்த்த பேசிடறேன்."

அண்ணன் லாரி டிரைவர். அந்த நேரம் பக்கத்து நாட்டு மலையில் ஏறிக்கொண்டிருந்தான். பதினோரு தடவை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அதே பாட்டு.

"போன ஆஃப் பண்ணிட்டுத் தூங்குறான் போல, பொறுப்பில்லாதவன்!" என்று அம்மா காதுபடவே கத்தினேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குழாய் போட்டார்கள். மறுநாள் காலை போய்விட்டாள்.

அண்ணனுக்குத் தகவல் சொல்ல மறுபடி கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் வைத்திருப்பதும் எங்கள் கம்பெனி சிம்தான். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் அவன் நம்பரைப் பார்க்கச் சொன்னேன்.

"இருபத்தெட்டு தடவ மறுத்திருக்கு சார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்காரு. அப்புறம் முப்பத்தொண்ணு. திரும்பவும் ஆஃப் பண்ணியிருக்காரு..."

சிக்னல் வராவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் டிரைவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். அணைத்துப் போட்டால் எங்கள் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த நாற்பதை அவன் தாண்டவே இல்லை.

லாரி முதலாளி மூலம் சேதி போய், சாயங்காலம் அண்ணன் வந்து சேர்ந்தான். வாசலிலேயே சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"பெத்தவ கூப்பிட்டப்ப போன எடுக்க முடியலையாடா உனக்கு?"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு என் கையைப் பிடித்தான்.

"நீ இதுலதானடா வேல பாக்குற. சொல்லு, என் போன்லதான கோளாறு?"

வெட்கமும் பயமுமாக நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆமாண்ணே. அப்பவே புதுசு வாங்கியிருக்கலாம்" என்றேன்.