புளி தொடாத எழுத்து

தேம்சு ஆற்றின்மேல் படிந்திருந்த ஐப்பசிப் பனி மெல்லக் கலைய, பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்பட, தெற்கிலிருந்து விரைந்து வந்த தொடர்வண்டிகள் ஆயிரமாயிரம் மாந்தரை நகர்நடுவே இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்ப, கோபுரக் கடிகைகள் பத்தடித்து ஓய்ந்த வேளை அது. பாரெங்கும் இருந்து பொருள்கள் வந்து குவியும் பேரூரன்றோ இலண்டன்! எந்நாட்டு மன்னன் சூடிய முடியும், எத்தீவுக் கொல்லன் அடித்த வாளும், என்றேனும் ஒருநாள் இந்நகரின் ஏதோவொரு மேசைமீது கிடந்து, ‘நீ மெய்யா, பொய்யா?’ என்னும் வினாவுக்கு விடையிறுத்தே தீரவேண்டும். அத்தகைய மேசையொன்று பழம்பொருள் ஏலமனை ஒன்றின் மூன்றாம் மாடியில், வடதிசைச் சாளரத்தின் அருகே இருந்தது. அதன்முன் அமர்ந்திருந்தவள் தயாளினி.

கோலியர்ஸ் வுட்டில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண் அவள். பதினான்கு ஆண்டுகளாய்ச் சப்பானிய வாள்களை ஆராய்ந்து, மெய்பொய் கண்டு, மதிப்புரைப்பதே தொழில். ‘பிள்ளை, உனக்கும் வாளுக்கும் என்ன உறவு?’ என்று கேட்டுக் கேட்டு உற்றார் சலித்துப்போயினர், அவள் சலிக்கவில்லை. தன் கையெழுத்திலேயே தீர்ப்பு எழுதும் உரிமை அவளுக்குக் கிட்டியது சென்ற திங்களில்தான். அதுவரை எழுதிய குறிப்புகளின் அடியிலெல்லாம் ‘தயா’ என்றே இட்டுவந்தாள். முழுப்பெயர் ஆங்கிலேயர் நாவில் படும் பாட்டைக் கண்டு மனமிரங்கி, அவளே வெட்டிக் குறுக்கிய பெயர் அது.

அன்று மேசைமீது கிடந்த வாளைக் கொணர்ந்தவள், எதிரே நாற்காலி நுனியில் ஒடுங்கி அமர்ந்திருந்த டொலறஸ்; அவளும் யாழ்ப்பாணத்தாளே. தோர்ண்டன் ஹீத்தில் ஆர்தர் என்னும் முதியவரை அவர் கண்மூடும்வரை பதினோராண்டு பேணியவள். இளமையில் கப்பலோட்டிய அம்முதியவர், தம்மிடமிருந்த வாள் அறுநூறு ஆண்டு பழையதென்று வருவோர்க்கெல்லாம் சொல்வார், வருவோரெல்லாம் சிரிப்பார்கள். இறக்கும்போது அதை டொலறஸுக்கே எழுதிவைத்தார். ‘கிழவர் கதையளந்தார், தகர வாளை அவளிடம் தள்ளினார்’ என்று அவருடைய உறவினர் இழவு வீட்டிலேயே நகைத்தனர். அச்சொல் டொலறஸின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. வாள் மெய்யானால் அதை ஆர்தரின் பெயராலேயே ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவதென்று உறுதி பூண்டிருந்தாள்.

ஆனால் காலையிலேயே ஏலமனையின் வாள்துறைத் தலைவர் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். கேளுங்கள், இவ்வாள்களின் வழக்கம் இது: அலகைத் தீட்டுவர்; கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டை மட்டும் எவரும் தீண்டார். கொல்லன் தன் பெயரை உளியால் பொறித்த இடம் அதுவே. அங்கே நூற்றாண்டுகளாய் ஏறிய கருந்துருவே வாளின் பிறப்புச் சான்று. டொலறஸின் வாளிலோ அடித்தண்டு நேற்று அடித்ததைப்போல் பளபளத்தது. “துருவைக் கரைத்துவிட்டுப் பெரிய கொல்லன் பெயரைப் புதிதாய் வெட்டியிருக்கிறார்கள். நண்பகலுக்குள் போலியென்று எழுதிவிடு” என்று கூறி அவர் அகன்றார்.

எழுதிவிட்டால் எளிது. மறுத்தெழுதி அது பிழையென்று நாளை தெரிந்தாலோ, பதினான்கு ஆண்டு உழைப்பும் மண்ணாய்ப் போகும். அந்தத் தொழிலில் அவளை ஒருவரும் சீந்தமாட்டார். தயாளினி அஞ்சினாள், மெய்யாகவே அஞ்சினாள். ஆயினும் அலகின் ஓரத்தில் நீரலைபோல் ஓடிய வெண்கோடு, ‘நான் பழையவன்’ என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அடித்தண்டை ஒளிக்கு நேரே சாய்த்தாள். வளைந்து வளைந்து தேய்த்த மெல்லிய கீறல்கள். பிடியை இறுக்கும் மூங்கில் ஆணிக்கான துளையின் விளிம்பில் பழுப்பாய் ஏதோ ஒட்டியிருந்தது. குறடால் எடுத்துப் பார்த்தாள். அடடா! தேங்காய்த் தும்பு! போலி செய்பவன் துருவைக் கரைக்கக் காடி கொள்வான், அரம் கொள்வான்; தும்பு எங்கே கொள்வான்?

“அக்கா, இதைப் புளி போட்டு மினுக்கினனீங்களோ?”

“ஓம் பிள்ளை” என்றாள் டொலறஸ், சிறிது பெருமையாகவே. “பிடியைக் கழட்டிற விதம் ஆர்தர் காட்டித் தந்தவர். பெரிய இடத்துக்குக் கொண்டுவாற சாமானை ஊத்தையோடை கொண்டுவரேலுமே? மாதாவுக்கு முன்னாலை வைக்கிற விளக்கு மாதிரி, புளியும் தும்புமாய் ஒரு மணித்தியாலம் நிண்டு தேய்ச்சனான். ஏன், பிழையோ?”

“பிழைதான் அக்கா. அந்தக் கறுத்த கறள்தான் இதின்ரை வயசு.”

டொலறஸின் முகம் வெளிறியது. “ஐயோ மாதாவே! அப்ப அந்த மனிசனை நானே பொய்யனாக்கிப் போட்டனோ?”

“பொறுங்கோ அக்கா. புளி போகாத இடம் இருக்கும்.”

தயாளினி உருப்பெருக்கியைத் தாழ்த்தி, பொறித்த எழுத்துகளின் முதல் கோட்டுக்குள் நோக்கினாள். மேட்டில் பளபளப்பு, பள்ளத்தின் அடியிலோ, இறுகிக் கறுத்த பழந்துரு! இரண்டாம் எழுத்திலும் அதுவே, ஏழாம் எழுத்திலும் அதுவே. ஆணித்துளையின் உட்சுவரிலும் அதே கருமை. நேற்று வெட்டிய எழுத்துக்குள் இத்தகைய துரு எங்ஙனம் வரும்? மெல்லிய தாளை அதன்மேல் இட்டு மைக்கட்டியால் ஒற்றியெடுத்து, அக்கொல்லனின் ஐயமற்ற வாள்களிலிருந்து எடுத்த பழைய ஒற்றுப்படிகளோடு வரிவரியாய் ஒப்பிட்டாள். கடைசி எழுத்தில் ஏனையோர் மேலிருந்து கீழே வெட்டும் கோட்டை அவன் ஒருவனே கீழிருந்து மேலே வெட்டுபவன். இங்கும் அவ்வாறே வெட்டியிருந்தான். தயாளினி தன்னையறியாமல் உரக்கச் சிரித்துவிட்டாள்.

நண்பகலில் துறைத்தலைவர் வந்தார். “துரு எங்கே?” என்றார்.

“மேலே இல்லை ஐயா. எழுத்துக்குள்ளே பாருங்கள்.”

அவர் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, “நான் பளபளப்பைப் பார்த்தேன், நீ பள்ளத்தைப் பார்த்திருக்கிறாய்” என்றார். “ஆயினும் தாளில் நிற்கப்போவது உன் பெயர். எவர் கேட்டாலும் நீயே விடை சொல்லவேண்டும்.”

“சொல்வேன்” என்றாள் அவள்.

வாளும் பெயரும் மெய்யென எழுதினாள். உரியவர் அறியாமையால் புளியிட்டுத் தேய்த்ததையும், அதனால் மதிப்பில் மூன்றிலொரு பங்கு குறைந்ததையும் ஒளிக்காமல் எழுதினாள். அதைத் தமிழில் விளக்கியபோது டொலறஸ் கையசைத்துத் தடுத்தாள். “விலை கிடக்கட்டும் பிள்ளை. அவர் சொன்னது மெய் எண்டு எழுதினியோ?”

“எழுதிப்போட்டன் அக்கா. அவரின்ரை பேரோடை எழுதிப்போட்டன்.”

டொலறஸ் முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். அழுகையினூடே நிமிர்ந்து அமர்ந்தாள். இழவு வீட்டில் சிரித்தவர்களுக்கு இத்தீர்ப்பின் முதற்படியை அனுப்பவேண்டும் என்றும் சொன்னாள்.

இனிக் கையெழுத்து ஒன்றே எஞ்சியது. வழக்கம்போல் ‘தயா’ என்று எழுதப்போன கை, வாளின்மேல் விழி பட்டதும் நின்றது. ‘பிசென் நாட்டு ஒசாபுனே ஊரன்’ என்று தொடங்கித் தன் பெயரை ஓரெழுத்தும் குறையாமல் பொறித்திருந்தான் அக்கொல்லன். எவர் நாவுக்காகவும் அவன் அதைக் குறுக்கவில்லை. அவள் பேனாவை அழுத்திப் பிடித்து, ‘தயாளினி சண்முகராசா, கோலியர்ஸ் வுட், இலண்டன்’ என்று நிறுத்தி எழுதினாள். ஆங்கிலத்தில் ஒருமுறை, அதனடியில் தமிழில் ஒருமுறை. தன் வேலைக்குத் தானே பொறுப்பென்று ஊரும் பேரும் பொறித்தவன் மண்ணாகி அறுநூறு ஆண்டு கடந்தும், கேட்டவர்க்கு இன்று அவனே விடை சொன்னான். அந்த வரிசையில் இப்போது அவளும் நின்றாள்.