தேதி தவறாத ஐந்து தவணைகள்

காசியம்மாளின் கடனுக்கு இரண்டு மாதமாகத் தவணை வரவில்லை. இன்னும் ஒரு மாதம் போனால் வாராக்கடன் பட்டியலில் ஏறிவிடும். 2005 டிசம்பரில், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், வங்கியின் கடன் அதிகாரி சிவசங்கரி நோட்டீஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஆட்டோ ஏறினாள்.

முதல் ஐந்து தவணைகளும் தேதி தவறாமல் வந்திருந்தன. காசியம்மாள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இழுத்தடிக்கிறாள் என்றுதான் சிவசங்கரி வழிநெடுக நினைத்துக்கொண்டு போனாள்.

காசியம்மாளின் கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. பலகை பலகையாக, ஃபியூஸுக்கான பீங்கான் கட்டைகள் சுடப்படாமல் கிடந்தன. காசியம்மாள் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினாள். ஈரம்.

"ஒரு மாசமா வெயிலே இல்லைங்க மேடம். இப்படியே சூளையில வச்சா வெடிச்சிடும். சுட்டு அனுப்பினாலும் யாவாரி மூணு மாசம் கழிச்சுத்தான் காசு தருவாரு."

"அப்ப மொத அஞ்சு மாசம் எப்படிக் கட்டினீங்க?"

காசியம்மாள் பலகையை நகர்த்தி வைத்தாள். சிவசங்கரி மறுபடி கேட்டாள்.

"வெளிய வட்டிக்கு வாங்கித்தான். பேங்குல பேரு கெட்டுடக் கூடாதுன்னு பார்த்தேன். இப்ப வட்டிக்காரரும் தர மாட்டேங்குறாரு."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலீங்களே. கையெழுத்துப் போடச் சொன்னீங்க, போட்டேன்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. சிவசங்கரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மார்ச் கடைசியில், இலக்கை முடிக்கும் அவசரத்தில், ஒரே நாளில் பதினோரு விண்ணப்பங்களுக்குப் பரிந்துரை எழுதியவள் அவள்தான். தினமும் காசு புரளும் மளிகைக் கடைக்குப் போடும் அதே மாதத் தவணையை இதற்கும் போட்டிருந்தாள். கொட்டகையை அவள் பார்ப்பதே இன்றுதான்.

நோட்டீஸைக் கொடுக்காமலே திரும்பினாள். அன்று மாலை அவள் எழுதிய குறிப்பை மேலாளர் குருமூர்த்தி இரண்டு முறை படித்தார்.

"தவணையை மாத்தணும்னு கேக்கறது சரி. 'நேரில் பார்க்காமல் பரிந்துரைத்தது என் தவறு'ன்னு எதுக்கு எழுதறீங்க? மழைன்னு போட்டா போதுமே. பிப்ரவரியில உங்களுக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ இருக்குது."

"மழைன்னு போட்டா, மழை விட்டதும் சரியாயிடும்னு நெனச்சுடுவாங்க சார். வெயில் அடிச்சாலும் மாசா மாசம் அவங்களால கட்ட முடியாது."

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு அவள் வரிக்குக் கீழே, 'சரிபார்க்காமல் அனுமதித்தது நான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தப் பதினொன்றில் இன்னும் மூன்று பீங்கான் கடன்கள் இருந்தன. மறுநாளே இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஒரு கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதன் முதலாளி வேப்பூரில் சாலையோர ஓட்டல் ஒன்றில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அந்தக் கடன் கடைசிவரை வரவில்லை. மற்ற இரண்டுக்கும் காசியம்மாளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தவணை என்று வங்கியின் வட்டார அலுவலகம் ஒப்புக்கொண்டது. கூடவே சிவசங்கரிக்கும் குருமூர்த்திக்கும் விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. அந்த ஆண்டு சிவசங்கரிக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. வீட்டில் ஒருநாள் அழுதாள்.

ஏப்ரலில் காசியம்மாள் வியாபாரியின் காசோலையோடு வங்கிக்கு வந்தாள். அதைக் கடன் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த தவணை என்றைக்கு என்று கேட்டாள். சிவசங்கரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

"உக்காருங்க, டீ சொல்றேன்."

"சூளையில சுட்ட சரக்கை எறக்கணும் மேடம். ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. போயிட்டு வரேன்."