இன்னும் சாப்பாடு வரல

என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பாட்டுக் கோப்பை மாற்றி அனுப்பிவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அதற்குள் நான் பசியோடு இருந்தது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் டிராக் பாடுகிறவள். ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டதும், பெரிய பாடகிக்கு நேரம் கிடைத்து வரும்வரை அதை யாராவது பாடி வைக்க வேண்டும். அந்த அம்மா வந்து, நான் பாடியதை ஹெட்போனில் கேட்டு, அதே மாதிரி பாடிவிட்டுப் போவார். பிறகு என் குரலை எடுத்துவிடுவார்கள். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பஸ்ஸில் ஒருமுறை, "இது நான் பாடினது" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதோடு சொல்வதை விட்டுவிட்டேன்.

இந்தப் பாட்டில் இரண்டாம் சரணத்தின் கடைசி வரி வந்து சேரவில்லை. பாடலாசிரியர் போனை எடுக்கவே இல்லை. இப்படி ஆகும்போது டிராக்கில் லாலா போட்டு ஒப்பேற்றுவோம். அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஹோட்டலுக்குச் சொல்லி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வந்த கடுப்பில், காதலனை நினைத்து ஏங்குகிற அந்த மெட்டில், "ரெண்டு மணி ஆயிடுச்சு, இன்னும் சாப்பாடு வரல" என்று உருகி உருகிப் பாடித் தொலைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே ஒலிப்பதிவு அவர்தான். அடுத்த வாரம் விடுபட்ட வரி வந்தது, அந்த அம்மாவும் வந்து முழுப் பாட்டையும் பாடிவிட்டுப் போனார்.

கேசட் காலமாக இருந்தால் அச்சாவதற்குள் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். இப்போது ஒரு படிவம், ஒரு கோப்பு, ஒரு பட்டன். பத்து மணி என்று குறித்துவிட்டால் அது பாட்டுக்கு எல்லார் போனுக்கும் போய்விடும். அவசரத்தில் அத்தான் பாடகியின் கோப்புக்குப் பதில் என்னுடையதை ஏற்றியிருக்கிறார்.

பாட்டு வெளிவந்த அன்று காலை பத்தேகாலுக்கு அக்கா போன் செய்தாள். "ஏண்டி, புதுப் பாட்டுல எதுக்குடி சாப்பாடு கேக்கற?"

நான் விழுந்தடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினேன். அத்தான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். இசையமைப்பாளர் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாத்திடலாம் சார். இப்ப சரியானத ஏத்தினா சாயங்காலத்துக்குள்ள மாறிடும்" என்றார் அத்தான்.

அதற்குள் எங்கள் கையை மீறிவிட்டது. பதினோரு மணிக்கு அறுபதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மூன்று லட்சம். அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து ஆளாளுக்கு வீடியோ போட ஆரம்பித்தார்கள். ஒரு நர்ஸ் காலி டப்பாவைத் திறந்து காட்டி வாயசைத்தாள். டை கட்டிய எட்டு ஆபீஸ்காரர்கள் மீட்டிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கோரஸாக வாயசைத்தார்கள். ஒரு பஸ் டிரைவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எல்லார் வாயிலிருந்தும் வருவது என் குரல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து ஆடலாம் போல இருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் கீழும் பாடியவர் என்று அந்த அம்மாவின் பெயர். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

இசையமைப்பாளரின் முகம் மெல்ல மாறியது. "மாத்தறத நிறுத்து" என்றார். "அந்த ஒரு வரி மட்டும் இந்தப் பொண்ணு குரல்ல இருக்கட்டும். மத்தது எல்லாம் அவங்க பாடினத வச்சு ஒட்டிடு. பேரு அவங்க பேரே இருக்கட்டும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியது.

"அந்த வரி வேணும்னா என் பேரும் வேணும் சார்" என்றேன்.

"அத யார் வேணா பாடுவாங்க. அவங்களையே பாட வச்சுக்கறேன்" என்று அவர் பாடகிக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டார்.

"காலைலேருந்து எங்க சம்பந்தி வரைக்கும் எல்லாரும் போன் பண்ணி, சாப்பாடு வந்துச்சான்னு கேக்கறாங்க" என்றார் பாடகி. குரலில் அனல் பறந்தது.

"ஒரே ஒரு வரிம்மா. சும்மா வந்து பாடிட்டுப் போயிடுங்க."

"பாடிப் பாத்தேன். வீட்ல நாலு தடவ பாடிப் பாத்தேன். வரல. பாட்டு முழுக்க அந்தப் பொண்ணு பாடினதுதான் நல்லா இருக்கு. நான் பாடாத பாட்டுல என் பேரு எதுக்கு? இப்பவே எடுங்க. இல்லன்னா என் வக்கீல் பேசுவாரு."

போனை வைத்துவிட்டார். எந்தக் குரலைக் கேட்டுப் பாட்டுக் கற்றேனோ, அந்தக் குரலே நல்லா இருக்கு என்று சொல்லக் கேட்டுவிட்டேன். இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தது.

அத்தான் படிவத்தைத் திறந்து பாடகியின் பெயரை அழித்தார். பாடியவர் என்கிற கட்டம் காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது. இசையமைப்பாளர் தலையைச் சொறிந்தார். திரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"உன் பேரு என்னம்மா?"

பதினோரு வருடம். இதே அறை, இதே மைக். நான் பாடாமல் அவருடைய ஒரு பாட்டும் வெளியே போனதில்லை. அத்தான் சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க அத்தான். நான் சொல்றேன்."

அப்பாவின் முதலெழுத்தோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். இன்னொரு முறை சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.